ஜெனனிக்கு ஒரு போர்ஸா

பெருவெயில் தளர்ந்து, கடல் தன் நீலத்தை மெல்ல ஆழப்படுத்திக்கொள்ளும் புரட்டாதி மாதம். பாலைநிலம் கடந்து தெற்கிலிருந்து வீசும் சிறொக்கோக் காற்று, பலேர்மோ நகரின் மேல் தன் கடைசி மூச்சை விட்டு ஓய்ந்திருந்தது. அது சுமந்துவந்த செம்பொடி மாளிகைகளின் இரும்புக் கிராதிகளிலும், மாடங்களில் காயவிட்ட வெண்டுகில்களிலும், தேவாலயங்களின் மணிக்கூண்டுகளிலும் ஒரே சீராகப் படிந்து, உடையவர் இல்லாதவர் என்ற பேதமறியாத துறவொன்றை நகரெங்கும் பூசியிருந்தது. பின்னர் ஒரு நாள் முதல் மழை பெய்தது. அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய தெருக்களில் செந்நீர் ஓடியது. பல்லறோச் சந்தையில் மாதுளைகள் வாய்விண்டு கிடந்தன. மாலைகள் ஒரு சாண் குறுகின. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாத ஒரு காத்திருப்பு மாந்தர் நெஞ்சில் வந்து அமர்ந்தது.

காரென்றும் கூதிரென்றும் முன்பனி பின்பனியென்றும் பொழுதுகளை அளந்துவைத்த நம் முன்னோர் இந்நகரைக் கண்டிருப்பின், ஏழாவதாக ஒரு பருவத்தையும் சேர்த்திருப்பர்: உயில் திறக்கும் பருவம். பலேர்மோவின் செல்வ முதியோர் கோடையின் வெம்மையில் கண்மூடுவர். உயில்களைக் காத்துவைத்திருக்கும் நொத்தாரோக்கள் கடற்கரை விடுமுறை முடிந்து புரட்டாதியில் திரும்புவர். இறப்புக்கும் பங்கீட்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சில கிழமைகளில் உறவினர் காட்டும் துயரம், காண்பவர் கண்களை நனைக்கும் தரத்தது.

சிஞ்ஞோரா ஸ்பதாரோவும் இந்த ஒழுங்கை மீறவில்லை. ஆவணி நடுவில், தொண்ணூற்றொரு வயதில் காலமானார். அவர் வீட்டில் பதினேழு ஆண்டுகள் சமைத்து, துடைத்து, மாத்திரை எண்ணிக் கொடுத்து, இறுதி மூன்றாண்டும் தூக்கிக் குளிப்பாட்டியவள் ஞானம்பிகை. கோப்பாயில் பிறந்து, திருமணத்தின் பின் இத்தாலிக்கு வந்தவள். அவள் கணவர் பத்மநாதன் பகலில் அலுவலகக் கட்டடமொன்றின் மாடிப்படிகளைக் கழுவினார். வெள்ளிக்கிழமைகளில், வாடகை மண்டபத்தில் நடக்கும் கோயிலில் பதிகம் பாடினார். இரண்டாவது தொழிலையே அவர் தம் தொழிலென்று கருதினார். ஒரே மகள் ஜெனனிக்கு வயது இருபது. தேவாலயச் சுவர்ச் சித்திரங்களிலிருந்து உதிரும் வண்ணக் கற்களையும் பொற்சில்லுகளையும் மீண்டும் பதித்துச் சீராக்கும் கலையைக் கற்பதற்கு ரவென்னா நகரத்துப் பள்ளியொன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. முதலாண்டுக் கட்டணத்தை ஜனவரி முடிவதற்குள் கட்டவேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வீட்டில் எவரும் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. ஏனெனில் சிஞ்ஞோரா வாக்களித்திருந்தார். சென்ற மாரியில் ஒரு நாள், ஜெனனி வரைந்த மயிலொன்றைக் கண்ணாடிக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, ஞானம்பிகையின் கையைப் பற்றிச் சொன்னார்: “ஜெனனிக்கு ஒரு போர்ஸா இருக்கிறது. எழுதி வைத்துவிட்டேன்.”

இத்தாலிய மொழியில் போர்ஸா என்றால் பை. அதே சொல், படிப்பைக் குறிக்கும் இன்னொரு சொல்லோடு சேர்ந்து வரும்போது புலமைப்பரிசில். நாளடைவில் அந்த இரண்டாவது சொல்லை உதிர்த்துவிட்டுப் போர்ஸா என்று மட்டும் சொல்வது பள்ளிக்கூடங்களின் வழக்கம். ஜெனனியின் பள்ளி அனுப்பிய கடதாசிகளில் பத்தாண்டுகளாக அந்தப் பொருளிலேயே அச்சொல்லைப் பார்த்துப் பழகிய ஞானம்பிகைக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சிஞ்ஞோராவும் தம் கைப்பையைக் கேட்கும்போதெல்லாம் ‘போர்ஸெத்தா’ என்று செல்லமாகக் குறுக்கியே கேட்பவர்.

அன்று மாலையே பத்மநாதன் அறிந்தார். பத்மநாதன் அறிந்தார் என்றால் கோயில் தலைவர் அருளையா அறிந்தார் என்று பொருள். அருளையா அறிந்ததை அறியாதவர் பலேர்மோவில் இல்லை. ‘எங்கள் சமூகத்தின் முதற் புலமைப்பரிசில்’ என்று அவர் ஒலிவாங்கியில் மும்முறை முழங்கினார். அது முதலாவதா என்பதை ஆராய்வது பக்திக்கு அழகன்று.

நொத்தாரோவின் அறையில் உயில் வாசிக்கப்பட்டபோது ஞானம்பிகை தன் நல்ல சேலையை உடுத்திருந்தாள். வீடும் தோட்டமும் வெள்ளிச் சாமான்களும் மருமகன் புல்வியோவுக்குப் போயின. அத்தையைப் பத்தாண்டில் நான்கு முறை வந்து பார்த்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. இறுதியில் ஒரு வரி: “என் ஞானாவின் மகள் ஜெனனிக்கு, என் வெள்ளைப் போர்ஸா.”

வெள்ளை என்ற அடைமொழி புலமைப்பரிசிலுக்குப் பொருந்துமா என்று ஞானம்பிகை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, புல்வியோ காலடியிலிருந்து பல்பொருளங்காடியின் பொலித்தீன் பையொன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார். இவ்வளவோடு போயிற்று என்ற நிம்மதியில் அவளுக்கு எழுந்து நின்று கைகூடக் கொடுத்தார். பொலித்தீனுக்குள்ளே, பாற்கஞ்சி நிறத்தில், பழைய தோற் கைப்பை ஒன்று இருந்தது.

வீட்டில் பத்மநாதன் வேட்டியும் சால்வையுமாகக் காத்திருந்தார்.

“எங்கை காசோலை?”

“காசோலை ஒண்டும் இல்லை.”

“அப்ப நேரை வங்கியிலை போட்டவையோ? உதுதான் ஒழுங்கான முறை.”

“இஞ்சேருங்கோ, இதுதான் போர்ஸா.” பையை மேசையில் வைத்தாள்.

பத்மநாதன் பையைப் பார்த்தார். பைக்குள்ளும் பார்த்தார். இருமல் மிட்டாய் இரண்டும் புனித றொசாலியாவின் சிறு படமொன்றும் கிடந்தன.

“உது பையெல்லே?”

“ஓம். போர்ஸா எண்டால் பையாம்.”

“பதினேழு வரியம் அந்த மனுசியோடை இரவு பகலாக் கதைச்சனீர். உமக்கு உது தெரியாதே?”

“அவ எப்பவும் போர்ஸெத்தா எண்டுதானே கேக்கிறவ! சாகப்போற நேரத்திலை மட்டும் இலக்கணமாக் கதைச்சால் நான் என்ன செய்யிறது?”

ஜெனனி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து வழுக்கி நிலத்தில் அமர்ந்தாள். “மம்மா, பெல்லிஸ்ஸிமோ! வலு அழகு! ரவென்னாவிலை பீஸ் கேட்டால் இதைத் தூக்கிக் காட்டுறன்.” பிறகு சிரிப்பு வேறாக மாறியது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்ட ஒலி மிக மெல்லியது. ஞானம்பிகைக்கு, அவள் அதை ஓங்கி அடித்திருக்கலாம் என்று பட்டது.

“அருளையா நோட்டீசும் அடிச்சுப் போட்டார்,” என்றார் பத்மநாதன், உலகின் பெருந்துயர் எதுவென்று நன்கறிந்தவராய்.

நான்காம் நாள் சரஸ்வதி பூசை. ஏடும் கருவியும் தெய்வத்தின் முன் அடுக்கும் நாள். ஞானம்பிகை சுவாமித் தட்டில் ஜெனனியின் புத்தகங்களை வைத்தாள். மகளின் கல்லுடைக்கும் குறட்டை வைத்தாள். கணவரின் பதிகக் கொப்பியை வைத்தாள். பின் சற்றுநேரம் நின்று யோசித்தாள். அவளுடைய தருக்கம் எந்த ஆசானும் மறுக்கவியலாதது. சிஞ்ஞோரா போர்ஸா தந்தார். போர்ஸா என்பது கல்விக்கு உரியது. ஆகவே தந்தது எதுவாயினும் அது கல்விப் பொருள். வெள்ளைத் தாமரையில் வீற்றிருப்பவளுக்கு வெள்ளைப் பை பொருந்தாமலும் போகாது. அவள் பையை நடுவில் வைத்தாள். மூடுமடலின் சரியான மையத்தில், நடுவிரலால் சந்தனமிட்டு, அதன்மேல் குங்குமமும் இட்டாள். பத்மநாதன் தேங்காய் உடைத்தபோது நாலு துளி இளநீர் தெறித்து அதையும் நனைத்தது. குங்குமம் தோலுக்குள் நன்றாக இறங்கியது.

மறுநாட் காலை, கீழ்வீட்டு றோசமலர் அவலும் கடலையும் வாங்கிப்போக மேலே வந்தாள். மன்னாரைச் சேர்ந்தவள், ஞாயிறுதோறும் பூசை காண்பவள், மற்றவர் தெய்வங்களின் பிரசாதத்திலும் குறை வைப்பதில்லை. அவள் வேலை செய்யும் வீடு வழக்கறிஞர் ஒருவருடையது. சுவாமித் தட்டைப் பார்த்ததும் வாயிலிருந்த கடலையை மெல்ல மறந்தாள்.

“யேசுவே! அக்கா, உந்தப் பை ஏன் சாமிக்குக் கிட்ட இருக்கு?”

“அது ஜெனனியின்ரை... போர்ஸா.”

“உதின்ரை விலை தெரியுமோ உங்களுக்கு? எங்கட வக்கீலின்ரை மனுசி உதுமாதிரி ஒண்டுக்குப் பேர் குடுத்துப்போட்டு ரெண்டு வரியம் காத்திருந்தவ. பை வந்தண்டைக்குக் கட்டிப்பிடிச்சு அழுதவ. மகன் பிறந்தண்டைக்கும் அப்பிடி அழேல்லையாம், அவவின்ரை மாமி சொல்லுறவ. நான் அதைத் துடைக்கிறதுக்குத் தனித் துணி, தனி மேசை. உது ஆயிரக்கணக்கிலை போகும் அக்கா, ஏலத்திலை!”

பாரிசில் ஒரு கடை உண்டு. அதன் பெயரில் எழுதும் எழுத்துகளிற் பாதியை ஒலிப்பதில்லை. ஒலிக்காத எழுத்துகளுக்கே விலை. அந்தப் பெயர் பைக்குள், ஊசிமுனைப் பொன்னெழுத்தில், இருமல் மிட்டாய்களுக்குக் கீழே அடக்கமாக இருந்தது.

ஞானம்பிகை பையைப் பார்த்தாள். ரவென்னா முழுவதும் அதற்குள் இருந்தது. அதன் நெற்றியில், சுமங்கலித் திலகம்போல், அவள் இட்ட பொட்டும் இருந்தது.

“உதுக்கு ஏன் யோசிக்கிறியள்? தேசிக்காய்ப்புளி எல்லாத்தையும் எடுக்கும்,” என்றாள் றோசமலர். ஒருவர் தடுப்பதற்குள் கீழே தன் குசினிக்கு ஓடி, எலுமிச்சையொன்றை இரண்டாக வெட்டி வந்து மூன்று முறை தேய்த்தாள். மஞ்சளோடு சுண்ணாம்பு கூட்டிச் சிவக்கவைத்த பொருள் குங்குமம். புளி பட்டதும் அது தன் பிறப்பை நினைத்துக்கொண்டு மஞ்சளாயிற்று. இப்போது நடுவில் சிவப்பும் சுற்றிலும் மஞ்சளுமாக, பொரித்த முட்டையைத் தலைகீழாக எண்ணிப் பார்த்தாற்போல் ஒரு வட்டம் பெருத்து நின்றது.

“ஃபெர்மா!” ஜெனனி அறைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். “கையை எடுங்கோ அன்ரி! இனி ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டால் தோலும் போகும்.”

“நான் உதவிதானே செய்தனான்,” என்றாள் றோசமலர். தேசிக்காயின் மற்றப் பாதியைப் பிழிந்து தேத்தண்ணியில் விட்டுக் குடித்தாள்.

மரநிழல் பரந்த பெருஞ்சாலையில் ஏலமாளிகை ஒன்று இருந்தது. இறந்தவர்க்கு இனித் தேவையற்றவற்றை, உயிருள்ளோரில் எப்போதுமே தேவைப்படாதவர்க்குக் கைமாற்றிக் கொடுப்பது அதன் திருப்பணி. தாயும் மகளும் அதன் பளிங்குப் படிகளில் ஏறியபோது, ஞானம்பிகையின் கண்கள் பழக்கதோஷத்தால் படிகளின் மூலைகளுக்குச் சென்றன. யாரோ அவசரமாகத் துடைத்திருந்தார்கள்.

கைப்பைகளின் நிபுணர், தொத்தொரெஸ்ஸா என்ற படிப்புப் பட்டம் தாங்கிய லாமான்தியா அம்மையார். நிபுணத்துவத்தின் அடையாளமாகக் கழுத்தில் மூன்று கண்ணாடிகள் தொங்கின. வெண்கையுறை பூண்டு, கருவறைத் திரையை விலக்கும் பாவனையில் அவர் பொலித்தீனை நீக்கினார். தையலை எண்ணினார். பூட்டை முகர்ந்தார். “எண்பதுகளின் கைவேலை. அற்புதம்,” என்றார். பிறகு மடலைக் கண்டார். அவர் முகம் துக்கவீட்டுக்கு வந்தவர் முகமாயிற்று.

“சிஞ்ஞோரா, இது என்ன?”

“பொட்டு.”

“மன்னிக்க வேண்டும்?”

“சாமி கும்பிட்டோம்,” என்றாள் ஞானம்பிகை, தனக்கு வந்த இத்தாலியத்தில். “பிறகு எலுமிச்சை.”

தொத்தொரெஸ்ஸா கண்ணாடியைக் கழற்றி, இரண்டாவது கண்ணாடியை அணிந்தார். கறையில்லாவிட்டால் ஆறாயிரம் இயூரோவுக்கு மேல் போகும் என்றார். கறையோடு ஆயிரத்தைந்நூறு, அதுவும் அன்று மழை பெய்யாதிருந்தால். ரவென்னாப் பள்ளி கேட்பது மூவாயிரத்துக்கு மேல். ஜெனனி மேசை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

தொத்தொரெஸ்ஸா கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“உங்கள் பழைய சிஞ்ஞோரா இந்தியாவுக்குப் போனதுண்டா?”

“பக்கத்திலுள்ள செபலூவுக்குப் போனார். ஒரு முறை. பேருந்தில் வாந்தி எடுத்தார்.”

“ஒருவேளை முன்னமே, நீங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்? ஒரு கோயில்... ஒரு முதிய துறவி... தம் கையாலேயே இந்தப் பைக்கு ஓர் ஆசி... பாருங்கள், சிஞ்ஞோரா, கறை என்று எழுதினால் கறை. ஆசி என்று எழுதினால் வரலாறு. மிலானோவில் வரலாறு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஐயாயிரம் வரை தருவார்கள். பதினேழு ஆண்டு கூட இருந்தவர் நீங்கள். ‘அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்’ என்று ஒரு வரியில் கையெழுத்துப் போதும்.”

ஒரு வரி. ஞானம்பிகை தன் வாழ்நாளில் இத்தாலிய அலுவலகங்களில் வாசியாமலே இட்ட கையெழுத்துகளை அடுக்கினால் எத்னா மலையின் பாதி உயரம் வரும். வாசித்து விளங்கி இடப்போவது இதுவே முதலாவது. வேறு எதன் பெயரிலாவது இந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லியிருந்தால் அவள் பேனையை எடுத்திருப்பாள். அதை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் சொல்லுக்குத் தெய்வமாயிருப்பவள் முன்வைத்த பொருளை, பொய்ச்சொல் ஒன்றால் விற்று, அந்தக் காசில் மகளுக்குக் கல்வி வாங்குவதா? மறுபக்கம், மகள் கீறிக்கொண்டிருந்த மேசை விளிம்பு.

“பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?”

ஜெனனி நிமிரவில்லை. “எனக்கு ரவென்னா வேணும் மம்மா. இதைவிட வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்.” கீறிய இடத்தை விரலால் தடவியபடி சொன்னாள்: “ஆனா அங்கை படிப்பிக்கிற முதல் பாடம் என்னெண்டு தெரியுமே? சுவரிலை கல்லு விழுந்த இடத்திலை, இருந்தது எண்டு சொல்லி இல்லாத கல்லை ஒட்டக்கூடாதாம். வெறுமையா விட்டாலும் பரவாயில்லையாம்.”

“அப்ப?”

“அப்ப உங்கட விருப்பம்.”

ஞானம்பிகை தொத்தொரெஸ்ஸாவைப் பார்த்தாள். “எழுதுங்கள்,” என்றாள். “நான் சொல்கிறேன்.”

மரணச் செய்தியை எழுதும் மருத்துவரின் பொறுமையோடு தொத்தொரெஸ்ஸா எழுதிக்கொண்டார்: ‘உரிமையாளரின் தாய்க்குப் போர்ஸா என்ற சொல் விளங்கவில்லை. புலமைப்பரிசில் என்று எண்ணி ஏழு மாதம் காத்திருந்தார். பை வந்தது. ஆயினும் அதைப் படிப்பின் தெய்வத்துக்கு முன் வைத்தார். சிவப்பு, வழிபாடு. மஞ்சள், எலுமிச்சை. எலுமிச்சை கீழ்வீட்டாருடையது.’

“இதையா பட்டியலில் அச்சிடுவது?” என்றார்.

“இதுதான் நடந்தது,” என்று ஞானம்பிகை கையெழுத்திட்டாள். தமிழில் இட்டாள். அதில் மட்டும் தொத்தொரெஸ்ஸாவுக்குச் சிறிது மகிழ்ச்சி. பார்க்கப் பழங்காலத்ததாக இருந்தது.

செய்தி கேட்டுப் பத்மநாதன் பதறினார். “ஐயாயிரத்தை வேண்டாம் எண்டு சொன்னனீரோ? சரி, அது தருமம். ஆனா அம்பாளின்ரை பேரை அந்தப் புத்தகத்திலை போட்டவையோ? சாம்பல் தட்டத்துக்கும் நரித்தோலுக்கும் நடுவிலை?”

“பேர் போடேல்லை. படிப்பின்ரை தெய்வம் எண்டு மட்டும்.”

“என்ன இலக்கம் குடுத்தவை?”

“நூற்றெட்டு.”

பத்மநாதனின் முகம் உடனே தெளிந்தது. நூற்றெட்டு! அருச்சனையின் தொகை! ஏலமாளிகையில் நடப்பது இனித் தெய்வத்தின் நேரடிக் கண்காணிப்பில் நடக்கும் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமிருக்கவில்லை. நூற்றேழாவது இலக்கம் கால் உடைந்த பூனைப் பொம்மை என்பதை ஞானம்பிகை அவருக்குச் சொல்லவில்லை.

கார்த்திகை நடுப்பகுதியில், ஒரு பிற்பகல், ஏலம். பின்வரிசையின் பொன்முலாம் கதிரைகளில் நால்வர் அமர்ந்திருந்தனர்: பத்மநாதன், ஞானம்பிகை, ஜெனனி, எலுமிச்சையின் உரிமையாளர் என்ற வகையில் றோசமலர். இரண்டாவது வரிசையில் உயர்ந்த கூந்தற்கட்டு ஒன்று திரும்பியதும் றோசமலர் விலைப்பட்டியலால் முகத்தை மூடினாள்.

“மாதாவே! எங்கட வக்கீலின்ரை மனுசி! பல்லுவலி எண்டு சொல்லிப்போட்டெல்லே வந்தனான்!”

“அப்ப கன்னத்தைப் பிடிச்சுக்கொண்டு இரும்,” என்றார் பத்மநாதன்.

நூற்றெட்டாவது இலக்கம் வந்தது. ஏலங்கூறுபவர், குரலில் வெண்ணெய் தடவிய மனிதர், பட்டியற் குறிப்பை முதன்முறையாக அப்போதுதான் வாசித்தார் போலும். ‘விளங்கவில்லை’ என்ற இடத்தில் தயங்கினார். ‘ஏழு மாதம்’ என்ற இடத்தில் புருவத்தை உயர்த்தினார். ‘எலுமிச்சை கீழ்வீட்டாருடையது’ என்றபோது மண்டபம் வெடித்தது. பதினேழு ஆண்டில் ஞானம்பிகையைப் பார்த்துச் சிரித்தவர் பலர்; இத்தனை நறுமணத்தோடு, இத்தனை முத்துமாலைகள் குலுங்க, எவரும் சிரித்ததில்லை. அவள் காதுமடல் எரிந்தது. ஜெனனியின் கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. அந்தக் கை குளிர்ந்திருந்தது.

“ஆயிரம்,” என்றார் ஏலங்கூறுபவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒருவரும் அசையவில்லை. சிரிப்பு இலவசம். அது முடிந்ததும் அவரவர் அடுத்த இலக்கத்துக்குப் பக்கத்தைப் புரட்டினார்கள். ஏலங்கூறுபவர் மறுமுறை ஆயிரம் என்றார். சுத்தியலை எடுத்தார். பத்மநாதனின் உதடுகள் பதிகத்தின் முதலடியில் அசையத் தொடங்கின.

அப்போது உயர்ந்த கூந்தற்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை எழுந்தது. வக்கீலின் மனைவி தன் தோழியிடம் சொன்னது பின்வரிசைவரை கேட்டது: “பை என்னிடம் இருக்கிறது. இந்தக் கதை யாரிடம் இருக்கிறது? நத்தார்ப் பண்டிகை விருந்தில் சொல்லலாம்!”

கதைக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். தொலைபேசியில் மிலானோ. தொத்தொரெஸ்ஸா லாமான்தியாவே அதைக் காதில் வைத்திருந்தார். உண்மையை இத்தனை பேர் விலை கேட்பார்கள் என்பது அவர் தொழில் அனுபவத்துக்குப் புதிது. முகத்தில் ஒரு காயம்பட்ட வியப்பு. ஆயிரத்தைந்நூறு. இரண்டாயிரம். மிலானோ யோசித்தது. றோசமலர் கன்னத்தைப் பிடித்தபடியே முணுமுணுத்தாள்: “குடு, சிஞ்ஞோரா, குடு... போன கிழமை குசினித் திரைக்கு இதைவிடக் கூடக் குடுத்தனி...”

மூவாயிரம். மூவாயிரத்தைந்நூறு. ஞானம்பிகை எண்களைக் கேட்பதை நிறுத்திவிட்டு மகளின் விரல்களைக் கவனித்தாள். எண் உயர உயர அவை இறுகின. நாலாயிரத்து நூறில் மிலானோ தொலைபேசியை வைத்தது. சுத்தியல் விழுந்தது.

“அரோகரா!” என்று பத்மநாதன் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். ஏலங்கூறுபவர் திடுக்கிட்டு, “ஐயா, முடிந்துவிட்டது,” என்றார்.

“ஓம், ஓம், முடிஞ்சுது,” என்றார் பத்மநாதன் கண்ணீரோடு, தமிழிலேயே.

“நல்லதுதான்,” என்று றோசமலர் பெருமூச்சு விட்டாள். “இனி அதையும் நான்தான் நாளாந்தம் துடைக்கோணும். பொட்டு அழியாமல்.”

ஏலமாளிகை தன் பங்கை எடுத்தது; பங்குக்கு வரியை எடுத்தது; படம்பிடித்த கூலியென்று அவர்கள் கேட்டிராத ஒன்றையும் எடுத்தது. எஞ்சியது தை மாதத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. அதில் ரவென்னாவின் முதலாண்டுக் கட்டணம் இருந்தது. ஒரு பேருந்துச் சீட்டும் இருந்தது. அதற்குமேல் எதுவும் இருக்கவில்லை. அருளையா தொலைபேசியில் வாழ்த்தினார்: “நான் அப்பவே சொன்னனானெல்லே, புலமைப்பரிசில் எண்டு!” அவர் சொன்னது இறுதியில் உண்மையாயிற்று. சிலருடைய வாக்கு அப்படி.

அறை வாடகைக்கு ஜெனனி தானே வழி தேடிக்கொண்டாள். ரவென்னாவில், பின்னேரங்களில் வீடு துப்புரவாக்க ஆள் தேடும் மூதாட்டி ஒருவர் இருந்தார். அதைக் கேட்டதும் ஞானம்பிகை துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“நான் பதினேழு வரியம் துடைச்சது நீ துடைக்கக்கூடாது எண்டுதான்.”

“காலமை கல்லுத் துடைக்கிறன், பின்னேரம் நிலம் துடைக்கிறன். ரெண்டும் ஒரே துணி மம்மா. நீங்கள் பழக்கின கைதானே.” ஜெனனி பெட்டியை அழுத்தி மூடினாள். “முதல் நாளே அந்த மனுசியிட்டைக் கேட்டு வைக்கிறன், உங்களிட்டை என்ன நிறத்திலை போர்ஸா இருக்கு எண்டு.”

ஞானம்பிகைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதற்கும் இடங்கொடாமல் துணியை மடித்து முடித்தாள்.

புறப்படும் நாட் காலை. தெருவில் மீன்காரர்களின் கூவல் இன்னும் எழவில்லை. ஞானம்பிகை முழுகி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, சுவாமித் தட்டின் முன் நின்றாள். திரியை முறுக்கி எண்ணெயில் தோய்த்து விளக்கை ஏற்றினாள். மாடத்துத் தொட்டியில் குளிருக்குத் தப்பிப் பூத்திருந்த வெள்ளைச் செவ்வந்தி ஒன்றைக் கொய்து வந்து, இரு கைகளாலும் தாழ்த்தி வைத்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. பத்மநாதன் வழக்கமான உரத்த குரலை விட்டு, அயல்வீடு விழிக்காத அளவில், ஒரு பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை பாடினார். சுடர் நிமிர்ந்து நின்றது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாட்டு முடிந்ததும் ஜெனனி பெற்றோரின் காலில் விழுந்தாள். ஞானம்பிகை குனிந்து அவளைத் தூக்கி, நெற்றியில் திருநீறு இட்டு, கண்ணில் தூள் விழாதபடி கையால் மறைத்து ஊதிவிட்டாள்.

“போட்டு வா, பிள்ளை. நூறு வரியம் நல்லா இருக்கோணும். படிக்கிறது நெஞ்சிலை நிக்கோணும். நீ கை வைச்ச இடமெல்லாம் துலங்கட்டும்.”